அடி வாங்கத் தகுந்தவனே திருப்பி அடிப்பான்



தலைப்பைப் பார்த்துவிட்டுச் சிலம்பம், களரி என்று எதையாவது எதிர்பார்த்து வந்தவர்கள் இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இன்று இங்கே யாரும் கையை ஓங்கப் போவதில்லை. மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டி ஆடும் சண்டையைப் பற்றித்தான் பேசப்போகிறேன். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்றால் உங்களில் பலருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். நாலைந்து பேர் ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொள்வார்கள்: வாள்வீரன், மந்திரவாதி, திருடன், பூசாரி என்று. டன்ஜன் மாஸ்டர் என்பவர், சுருக்கமாக டி.எம்., கதையையும் பூதங்களையும் நடத்துவார். வீசிய வாள் பட்டதா இல்லையா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். கணினியில் பால்டர்ஸ் கேட் 3 ஆடியவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். அதற்கு அடியில் ஓடுவதும், சில மாற்றங்களோடு, இதே ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பு விதிகள்தான்.

இந்தப் பாத்திரங்களில் வாள்வீரனுக்கு ஒரு பெரிய குறை உண்டு. மந்திரவாதி அறுபது அடி தள்ளி நின்றுகொண்டு நெருப்பைக் கொட்டுவார். வில்லாளி மரத்தின் மேல் ஏறிக்கொள்வார். வாள்வீரன்தான் எதிரியின் மூச்சு படும் தூரத்துக்குப் போயாக வேண்டும். போய் ஒரு வெட்டு வெட்டியதும் அவன் முறை முடிந்துவிடும். பிறகு மற்ற எல்லோரும் ஆடி, பூதங்களும் ஆடி, சுற்று திரும்பி அவனிடம் வருவதற்குள் டீ ஆறிப்போகும். அதுவரை அவன் சும்மா நிற்க வேண்டியதுதானா? எதிரி கோடரியை ஓங்கும்போதும், அவனைத் தாண்டி ஓடும்போதும், பக்கத்தில் நிற்கும் தோழனைக் குத்தும்போதும் இவன் கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பானா? இந்தக் கேள்விக்கு விதிகள் சொல்லும் விடைதான் பதிலடி. பிறர் முறையில் நாம் அடிக்கும் அடி.

இந்த அடி ஆட்டத்துக்குள் வந்த கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஏனென்றால் தொடக்கத்தில் இது கிடையாது. அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் ஜெஃப் பெர்ரனும் எழுதிய செயின்மெயில் என்ற பொம்மைப் போர் விதிநூல் 1971இல் வெளிவந்தது. அந்த வேரிலிருந்து கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974இல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸைக் கொண்டுவந்தார்கள். ஒரு சின்னப் பெட்டிக்குள் மூன்று பழுப்பு அட்டைப் புத்தகங்கள். படைகள் மோதும் விளையாட்டிலிருந்து பிறந்த குழந்தை என்பதால், தனி ஒருவன் வாளைத் தடுத்துத் திருப்பிக் குத்துவதைப் பற்றி அது கவலைப்படவில்லை. பின்னால் 1970களின் கடைசியில் வந்த அட்வான்ஸ்டு பதிப்பில் ஒரு சுற்று என்பது ஒரு முழு நிமிடம். ஒரு நிமிடத்தில் இருவர் எத்தனை முறை வீசுவார்கள், எத்தனை முறை தடுப்பார்கள்! அத்தனையும் ஒரே பகடை உருட்டலுக்குள் அடங்கியதாகக் கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. ஆகவே பதிலடியும் அந்த ஒரு உருட்டலுக்குள்ளேயே எங்கோ கரைந்து கிடந்தது. முதுகைக் காட்டி ஓடுகிறவனுக்கு மட்டும் இலவசமாக ஒரு அடி உண்டு. அவ்வளவுதான்.

இது எல்லோருக்கும் பிடிக்கவில்லை. 1978இல் கேயாசியம் வெளியிட்ட ரூன்குவெஸ்ட்டில், அடிப்பவர் ஒரு பகடை உருட்டினால் தடுப்பவரும் உருட்டுவார். அதன் ஆசிரியர் ஸ்டீவ் பெர்ரின் கவசம் மாட்டிக்கொண்டு இடைக்காலப் பாணியில் நிஜமாகவே மோதிப் பார்த்த கூட்டத்தைச் சேர்ந்தவர். கையில் வாளைப் பிடித்துப் பார்த்தவருக்கு, தடுப்பது என்பது தனியாக ஒரு செயல் என்று தெரிந்திருக்கிறது. 1986இல் வந்த கர்ப்ஸ் ஆட்டத்தில் விலகுவது, வாளால் தடுப்பது, கேடயத்தால் தடுப்பது என்று மூன்று வழிகள். முழுமூச்சாகத் தாக்கப் போனால் அந்த மூன்றையும் அந்தச் சுற்றுக்கு இழக்க வேண்டும். அதற்கும் பல ஆண்டுகள் கழித்து, 2002இல், ஜேக் நார்வுட் எழுதிய தி ரிடில் ஆஃப் ஸ்டீல் வந்தது. அவரும் வாள்பயிற்சி உள்ளவர். அதில் மோதல் தொடங்கும்போது இருவரும் ஒரே நேரத்தில் ஒரு பகடையைக் கீழே போட வேண்டும். சிவப்பு போட்டால் தாக்குகிறேன், வெள்ளை போட்டால் தற்காக்கிறேன். இருவரும் சிவப்பு போட்டால் இருவருமே வெட்டுப்பட்டுச் சாய வாய்ப்புண்டு. வாள்சண்டையின் பயத்தை இவ்வளவு எளிமையாகக் கையில் கொடுத்த விதியை நான் வேறெங்கும் கண்டதில்லை. அந்த ஆட்டம் பரவலாகவில்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம்தான். சரி, பெரிய ஆட்டத்துக்குத் திரும்புவோம்.

1995இல் வந்த காம்பாட் அண்ட் டாக்டிக்ஸ் என்ற துணைநூலில்தான் 'அட்டாக் ஆஃப் ஆப்பர்ச்சூனிட்டி' என்ற பெயர் தலைகாட்டியது. 2000இல் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் வெளியிட்ட மூன்றாம் பதிப்பு அதை எல்லோருக்கும் பொதுவாக்கியது. கூடவே சுற்றின் நீளத்தை ஆறு வினாடியாகக் குறைத்தது. இந்த இரண்டும் ஒன்றாக வந்ததைத் தற்செயலாக நான் நினைக்கவில்லை. ஒரு நிமிடத்தில் எதையும் மூடி மறைத்துவிடலாம். ஆறு வினாடியில் ஒவ்வொரு அசைவும் கண்ணுக்குத் தெரியும். தெரிந்தால் அதற்கு ஒரு விலை வைக்கத் தோன்றும்.

அந்த விலை எப்படி வைக்கப்பட்டது? கபடியை நினைத்துக்கொள்ளுங்கள். பாடி வருகிறவன் எதிரே நின்று கையை நீட்டும்போது அவசரப்பட்டுப் பாய்கிற தடுப்பாட்டக்காரன் ஏமாந்துபோவான். ஓரத்தில் நிற்கும் தேர்ந்த ஆள் காத்திருப்பான். பாடி வந்தவன் கோட்டை நோக்கித் திரும்பும் நொடியில்தான் கணுக்காலைப் பிடிப்பான். மூன்றாம் பதிப்பின் விதியும் இதே உணர்வில் எழுதப்பட்டது. எதிரியின் ஆயுதம் எட்டும் கட்டத்துக்குள் நின்று அவனோடு சண்டை போடுவதற்குத் தண்டனை கிடையாது. அந்தக் கட்டத்தை விட்டு அசாவதானமாக நகர்ந்தால், அங்கே நின்று மந்திரம் போட்டால், வில்லை எடுத்து எய்தால், உடனே ஒரு இலவச அடி விழும். ஐந்தடி மட்டும் எச்சரிக்கையாக நகர்ந்து தப்பிக்கலாம்.

இங்கேதான் ஆட்டக்காரர்களின் மூளை வேலைசெய்ய ஆரம்பித்தது. சாதாரணமாகச் சுற்றுக்கு ஒரு இலவச அடிதான். காம்பாட் ரிஃப்ளெக்சஸ் என்ற திறனை எடுத்தால், உடல் சுறுசுறுப்புக்கு ஏற்ப மேலும் பல. அதோடு முள்சங்கிலி என்று ஒரு ஆயுதம் இருந்தது. மற்ற நீள ஆயுதங்கள் பத்தடிக்கு எட்டும், ஆனால் மூக்குக்கு நேரே நிற்பவனை அடிக்க முடியாது. முள்சங்கிலிக்கு அந்தக் குறையும் இல்லை. இப்போது ஒரு பூதம் ஓடி வருகிறது. பத்தடி வட்டத்துக்குள் நுழைந்து, அதற்கு அடுத்த அடியை வைக்கும்போது இலவச அடி. அந்த அடியைக் காலை வாரிவிடப் பயன்படுத்துகிறான் வீரன். பூதம் குப்புற விழுகிறது. இம்ப்ரூவ்டு டிரிப் திறன் இருந்தால், விழுந்த கையோடு இன்னொரு வெட்டு. அதன் முறையிலேயே அது எழுந்திருக்க முயன்றால், எழுவதற்கும் இலவச அடி. பூதம் ஒரு முறைகூட கை ஓங்கவில்லை. அதற்குள் மூன்று அடி வாங்கிவிட்டது, அத்தனையும் அதன் சொந்த முறையில். மூன்றாம் பதிப்பின் திருத்தமான 3.5இன் காலம் முழுக்க இந்தச் சங்கிலிக்காரன் பல மேசைகளில் டி.எம்.களின் தூக்கத்தைக் கெடுத்தான்.

எனக்கு இதைவிடச் சுவையானவை வேறு இரண்டு. கம்ப்ளீட் வாரியர் என்ற 2003ஆம் ஆண்டு நூலில் கார்மிக் ஸ்டிரைக் என்ற திறன் இருக்கிறது. உங்கள் தற்காப்பில் நான்கு புள்ளியை நீங்களே குறைத்துக்கொள்ள வேண்டும். அதற்கு ஈடாக, உங்களை நேருக்கு நேர் அடித்தவனைத் திருப்பி அடிக்கலாம். 2006இன் பிளேயர்ஸ் ஹேண்ட்புக் 2இல் ரோபிலார்ஸ் காம்பிட் என்று ஒன்று. ரோபிலார் என்பது கைகாக்ஸின் சொந்த மேசையில் ராப் குன்ட்ஸ் ஆடிய பாத்திரத்தின் பெயர். இந்தத் திறனை இயக்கினால் எதிரிகளுக்கு உங்கள் மேல் குறி வைப்பதில் நான்கு, சேதத்தில் நான்கு என்று கூடுதல் கிடைக்கும். ஆனால் ஒருவன் உங்களை நோக்கி வீசினாலே போதும், பட்டாலும் படாவிட்டாலும் உங்களுக்கு ஒரு அடி உண்டு. 

இந்த இரண்டையும் முதல்முறை படிக்கிறவர்கள் "யாராவது தன் தற்காப்பைத் தானே கெடுத்துக்கொள்வார்களா?" என்று கேட்பார்கள். நான் இன்று சொல்ல வந்ததே அதற்கான பதில்தான். பதிலடி வீரனின் பெரிய ஆபத்து அடிபடுவது இல்லை. அவனை யாரும் அடிக்காமல் விட்டுவிடுவதுதான். நன்றாக யோசித்துப் பாருங்கள். நீங்கள் கனத்த கவசம், கேடயம் எல்லாம் மாட்டிக்கொண்டு, என்னை வீசித் தவறவிட்டால் குத்துவேன் என்று நிற்கிறீர்கள். எதிரே மூளையுள்ள ஒரு பூதம். இரண்டு முறை வீசிப் பார்க்கும், இரண்டு முறையும் குத்து வாங்கும். மூன்றாம் முறை உங்களைச் சுற்றிக்கொண்டு போய்ப் பின்னால் நிற்கும் மெலிந்த மந்திரவாதியைக் கடிக்கும். உங்கள் அழகான திறன் தாளில் அப்படியே இருக்கும். அதை இயக்கும் சாவி எதிரியின் கையில். எதிரியின் கை என்பது டி.எம்.மின் கை. ஆகவே பதிலடி ஆடுகிறவர் முதலில் சம்பாதிக்க வேண்டியது, தன்னை அடித்தே ஆக வேண்டும் என்ற ஆசையை எதிரியிடம். கார்மிக் ஸ்டிரைக்கும் காம்பிட்டும் அந்த ஆசையை விலை கொடுத்து வாங்கின.

அதே 2006இல் வந்த டோம் ஆஃப் பேட்டிலில் க்ரூசேடர் என்ற வீரன் உண்டு. அவன் மேல் விழும் சேதத்தில் ஒரு பகுதி உடனே தாக்காமல் ஒரு கணக்கில் சேரும். அந்தக் கணக்கு ஏற ஏற அவன் அடி வலுக்கும். அடி வாங்குவதையே முதலீடாக்கிய அமைப்பு. அந்த நூலை "இது வாள் பிடித்த மந்திரவாதிகளின் புத்தகம்" என்று பலர் கேலி செய்தார்கள். எனக்கு அந்தக் கேலியில் உடன்பாடில்லை. வாள்வீரனுக்குப் பிறர் முறையில் செய்ய வேலை கொடுத்த நூல்களில் அது முக்கியமானது.

2008இல் வந்த நான்காம் பதிப்பு இந்தச் சிக்கலை நேராகப் பிடித்தது. அந்தப் பதிப்பைப் பற்றி ஆளுக்கொரு கருத்து உண்டு, அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை. ஆனால் அதன் ஃபைட்டரை வடிவமைத்தவர்களுக்கு ஒரு வணக்கம் வைக்க வேண்டும். அவன் யாரைத் தாக்கினாலும், பட்டாலும் தவறினாலும், அவர்கள் மேல் ஒரு குறி வைக்கலாம். குறி வைக்கப்பட்டவன் வேறு யாரையாவது அடிக்கப் போனால் அவனுக்கு இரண்டு புள்ளி குறையும். பக்கத்தில் நின்றுகொண்டே அப்படிச் செய்தாலோ, மெல்ல நகர்ந்து நழுவப் பார்த்தாலோ, ஃபைட்டர் இடைமறித்து அடிப்பான். கவனியுங்கள், இது எதிரியின் செயலுக்கு முன்னால் விழும் அடி. எதிரிக்கு மிச்சமிருந்த உயிர் கொஞ்சம்தான் என்றால், ஓங்கிய கோடரி கீழே வராமலேயே கதை முடிந்துவிடும். செயலுக்கு முன் விழும் அடியையும் பின் விழும் அடியையும் அந்தப் பதிப்பு விதியிலேயே தனித்தனியாகப் பிரித்து வைத்தது. பின்னால் விழும் அடி வெறும் வஞ்சம் தீர்த்தல். முன்னால் விழும் அடி தோழனைக் காப்பாற்றும். இந்த வீரன் எதிரிக்கு இரண்டே வழி விடுகிறான்: என்னை அடி, என் கவசத்தோடு மோது; அல்லது என்னை விட்டு வேறொருவனை அடி, என் வாளுக்கு விலை கொடு. இரண்டிலும் ஃபைட்டருக்கு லாபம்.

இப்போது பெரும்பாலான மேசைகளில் ஓடும் ஐந்தாம் பதிப்புக்கு வருகிறேன். 2014இல் வந்தது, 2024இல் திருத்தப்பட்டது. இதில் ஒரு சிக்கனம் இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் ஒரு ரியாக்‌ஷன். செலவழித்தால் உங்கள் அடுத்த முறை தொடங்கும்போதுதான் மறுபடி கிடைக்கும். எட்டும் தூரத்தை விட்டு எதிரி விலகினால் அடிப்பது, அடியைத் தட்டிவிடுவது, முன்கூட்டித் தயார் செய்து வைத்த செயலை இயக்குவது, எல்லாமே அந்த ஒற்றைக் காசில்தான் வாங்க வேண்டும். ஆகவே பதிலடித் திறன் நாலு எடுத்து வைத்துக்கொண்டால் நாலு பதிலடி கிடைக்கும் என்று எண்ணாதீர்கள். ஒன்றுதான். மீதி மூன்றும் வேடிக்கை பார்க்கும். பாத்திரம் உருவாக்கும்போது புதியவர்கள் அதிகம் ஏமாறுவது இந்த இடத்தில்.

பேட்டில் மாஸ்டர் என்ற ஃபைட்டர் வகையின் ரிபோஸ்ட்டை எடுத்துக்கொள்வோம். எதிரி உங்களை நேருக்கு நேர் வீசித் தவறவிட்டால், ரியாக்‌ஷனையும் ஒரு சிறப்புப் பகடையையும் செலவழித்துத் திருப்பி அடிக்கலாம். அந்தப் பகடை சேதத்தில் கூடும். இதோடு ஒரு தந்திரத்தைச் சேர்த்துச் சொல்வார்கள்: உன் முறையில் அடிக்காதே, டாட்ஜ் செய். அதாவது விலகுவதிலேயே கவனம் வை. எதிரி அதிகம் தவறவிடுவான், நீ திருப்பிக் குத்திக்கொண்டே இருக்கலாம். கேட்க நன்றாக இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

மூன்றாம் நிலை வீரன், சங்கிலிக் கவசமும் கேடயமும் சேர்ந்து ஆர்மர் கிளாஸ், அதாவது அவன் மேல் அடி பட எதிரி எட்ட வேண்டிய எண், 18. எதிரே ஒரு ஓகர், அதன் அடிக்குக் கூடுதல் 6. பகடையில் 12க்கு மேல் விழ வேண்டும், 12உம் சேர்த்து. ஆகவே நூற்றில் 45 முறை படும், 55 முறை தவறும். டாட்ஜ் செய்தால் இரண்டு பகடை உருட்டிக் குறைந்ததை எடுக்க வேண்டும். படுவது சுமார் 20 ஆகக் குறைந்து, தவறுவது 80 ஆகும். வீரனுக்கு அடிக்கக் கூடுதல் 5. ஓகரின் ஆர்மர் கிளாஸ் 11, ஆகவே நாலில் மூன்று முறை படும். ஒற்றைக் கை வாளில் தேர்ந்தவனின் சாதாரண வெட்டு சராசரி 9.5, ரிபோஸ்ட் 14. டாட்ஜ் செய்து காத்திருந்தால் ஒரு சுற்றுக்குச் சராசரியாக 8.4 சேதம் தருவான். தன் முறையிலும் அடித்து, தவறினால் ரிபோஸ்ட்டும் அடித்தால் 12.9. வாங்குவது? டாட்ஜில் 2.6, இல்லாவிட்டால் 5.9. மூன்றுக்குச் சற்று மேல் சேமிக்க, நாலரை விடுகிறான். ஒற்றை எதிரிக்கு எதிரே அந்தத் தந்திரம் நஷ்டக் கணக்கு. அதோடு, டாட்ஜ் செய்கிறவனை விட்டுவிட்டு ஓகர் பக்கத்தில் நிற்கும் வேறொருவரை அடித்தால் அந்தச் சுற்றே வீண்.

எதிரிகள் மூன்று பேர் என்றால் கதை வேறு. மூன்று காப்ளின்கள் ஒரே ஆளைச் சூழ்ந்து வீசினால், ஒன்றாவது தவறாமல் இருப்பது அபூர்வம். கூடுதல் 4 வைத்துக்கொண்டு 18ஐ எட்டப் பார்க்கும் மூன்று பேரும் தவறாமல் அடிப்பதற்கு நூற்றில் நாலு வாய்ப்புத்தான். ஆகவே ரிபோஸ்ட் கூட்டத்துக்கு நடுவே நிற்கிறவனின் ஆயுதம். வாசலை அடைத்துக்கொண்டு நில்லுங்கள், சந்து முனையில் நில்லுங்கள், நாலு பேர் உங்களைத் தேடி வந்து மோதட்டும். டாட்ஜ் உங்கள் உயிரைக் காக்க வேண்டிய நேரத்தில் மட்டும்.

ஆனால் என்னைக் கேட்டால், ஐந்தாம் பதிப்பில் பதிலடி வீரன் முதலில் எடுக்க வேண்டியது ரிபோஸ்ட் அல்ல, சென்டினல் என்ற திறன். 2014 நூலின்படி, உங்களை விட்டு விலகுபவனை நீங்கள் அடித்தால் அவன் வேகம் சுழியாகிவிடும், அந்த முறையில் அவன் நின்ற இடத்திலேயே நிற்பான். டிஸ்எங்கேஜ் என்று சொல்லிப் பதுங்கி விலகினாலும் தப்ப முடியாது. உங்கள் பக்கத்தில் நின்றுகொண்டு வேறொருவரை அடித்தால் அப்போதும் அடி. நான்காம் பதிப்பு ஃபைட்டரின் ஆவி இது. ரிபோஸ்ட் உங்களை அடித்துத் தவறியவனைத் தண்டிக்கிறது. சென்டினல் உங்களைப் புறக்கணித்தவனைத் தண்டிக்கிறது. மூளையுள்ள எதிரிக்கு எதிரே இரண்டாவதுதான் வேலை செய்யும். ஒரு சின்ன எச்சரிக்கை: அந்த நூலில் பக்கத்துத் தோழனுக்கும் சென்டினல் இருந்தால், அவனை அடிப்பவன் மேல் உங்கள் பதிலடி பாயாது. முன்வரிசையில் இருவரும் பேசி வைத்துக்கொண்டு ஒருவர் மட்டும் எடுங்கள்.

இதோடு நீள ஆயுதத்துக்கான போலார்ம் மாஸ்டரைச் சேர்த்தால், எட்டும் தூரத்துக்குள் நுழைகிறவனையே அடித்துப் பத்தடியில் நிறுத்தி வைக்கலாம். பல ஆண்டுகள் இந்த இணை மேசைகளை ஆண்டது. 2024 திருத்தத்தில் நுழைவதற்கான அடியை வேறு வகை ஆக்கி, நிறுத்தும் வேலையை அதிலிருந்து பிரித்துவிட்டார்கள். எந்த நூலை வைத்து ஆடுகிறீர்கள் என்று பார்த்துவிட்டுத் திட்டம் போடுங்கள்.

காட்டுமிராண்டி வீரன், அதாவது பார்பேரியன், இந்த விஷயத்தில் ஒரு பாடமே நடத்துகிறான். ரெக்லெஸ் அட்டாக் என்று கண்ணை மூடிக்கொண்டு பாய்ந்தால் அவன் அடி எளிதில் படும். எதிரிகள் அவனை அடிப்பதும் அதே அளவு எளிதாகும். எந்த டி.எம்.முக்கும் கை துறுதுறுக்கும். அவனோ வெறி ஏறிய நிலையில் வெட்டும் குத்தும் பாதிதான் உறைக்கும் உடம்போடு நிற்கிறான். 2014 நூலின்படி பெர்சர்க்கர் வகையில் 14ஆம் நிலைக்கு வந்தால், தன்னைக் காயப்படுத்திய பக்கத்து எதிரியை ரியாக்‌ஷனால் திருப்பி வெட்டலாம். ரோபிலாரின் சூதாட்டம் வேறு பெயரில் வந்து நிற்கிறது. பதிப்பு மாறினாலும் விதி எழுதுகிறவர்கள் இந்த ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்ப வருகிறார்கள்.

திருடனை, ரோக்கை, மறந்துவிடாதீர்கள். அவனுடைய ஸ்னீக் அட்டாக் சுற்றுக்கு ஒன்று அல்ல, முறைக்கு ஒன்று. இந்தச் சின்ன வேறுபாட்டில் ஒரு புதையல் இருக்கிறது. தன் முறையில் ஒரு முறை மர்மக் குத்து. எதிரியின் முறையில் ரியாக்‌ஷனால் அடிக்க வாய்ப்புக் கிடைத்தால் இன்னொரு மர்மக் குத்து. ஐந்தாம் நிலையில் அது மூன்று ஆறுமுகப் பகடை, சராசரி பத்தரை. பேட்டில் மாஸ்டர் தோழன் கமாண்டர்ஸ் ஸ்டிரைக் மூலம் தன் வெட்டுகளில் ஒன்றை விட்டுக்கொடுத்து, "நீ குத்து" என்று இவனுக்குக் கை காட்டினால் அதுவும் ஒரு வழி. பதிலடி என்பது ஒருவர் தனியாக ஆடும் ஆட்டமாக இருக்க வேண்டியதில்லை.

மந்திரவாதிகளும் இதில் சேரலாம், ஆனால் எந்த மந்திரம் என்பது முக்கியம். தண்டர்வேவ் எதிரியைத் தூக்கி எறியும். தூக்கி எறியப்பட்டவன் தானாக நகரவில்லை, ஆகவே உங்களுக்கு இலவச அடி கிடையாது. டிஸனன்ட் விஸ்பர்ஸ் எதிரியின் காதில் ஓதி, அவனையே அவன் ரியாக்‌ஷனைச் செலவழித்து ஓட வைக்கும். அவன் காலால் அவன் ஓடுகிறான். சூழ்ந்து நிற்கும் உங்கள் ஆட்கள் எல்லோருக்கும் ஆளுக்கொரு அடி. எதிரியிடமும் இதே கணக்கைத் திருப்பலாம். பூதத்திடமும் ஒரு ரியாக்‌ஷன்தான். கேடயக்காரர் முதலில் அதன் பிடியிலிருந்து வேண்டுமென்றே விலகி அந்த அடியை வாங்கிக்கொண்டால், பின்னால் வருகிற மந்திரவாதி நிம்மதியாக விலகிப் போகலாம்.

பாத்ஃபைண்டர் என்ற இன்னொரு ஆட்டத்தின் 2019ஆம் ஆண்டு இரண்டாம் பதிப்பு வேறு ஒரு முடிவை எடுத்தது. விலகுபவனை அடிக்கும் உரிமையை எல்லோருக்கும் கொடுக்காமல், முதல் நிலையிலேயே ஃபைட்டருக்கு மட்டும் தந்தது. பூதங்களில் பெரும்பாலானவற்றுக்கு அது கிடையாது. விளைவு, மேசையில் எல்லோரும் தயங்காமல் ஓடியாடுகிறார்கள், ஃபைட்டர் நிற்கும் இடத்தை மட்டும் எதிரிகள் பயந்து சுற்றிப் போகிறார்கள். எனக்கு இது நல்ல முடிவாகவே படுகிறது. எல்லோரிடமும் இருக்கும் ஆயுதத்துக்கு மரியாதை குறைவு.

அதில் ஸ்வாஷ்பக்லர் என்ற வாள்வீச்சுக்காரனின் ரிபோஸ்ட் இன்னும் கண்டிப்பானது. எதிரி வெறுமனே தவறினால் போதாது, பத்துப் புள்ளிக்கு மேல் படுமோசமாகத் தவற வேண்டும். பத்தும் சேர்த்து. அங்கே ஒரே முறையில் அடுத்தடுத்து வீசினால் இரண்டாம் வீச்சுக்கு ஐந்தும், மூன்றாம் வீச்சுக்குப் பத்தும் குறையும். எதிரியின் கூடுதல் 12, உங்கள் ஆர்மர் கிளாஸ் 23 என்று வையுங்கள். முதல் வீச்சு படுமோசமாகத் தவற நூற்றில் ஐந்து வாய்ப்பு. இரண்டாவது முப்பது. மூன்றாவது ஐம்பத்தைந்து. ஆகவே எதிரி எவ்வளவு பேராசைக்காரனோ அவ்வளவு உங்களுக்கு நல்லது. அவனை நகர விடாமல், வேறு வேலை இல்லாமல், நின்ற இடத்தில் மூன்று முறை வீச வைப்பதில்தான் அந்த வீரனின் திறமை இருக்கிறது. காலை வாரிவிட்டால் எழுந்திருக்கவே ஒரு செயல் செலவாகி, மூன்றாம் வீச்சே வராமல் போகும் என்பதையும் மறக்க வேண்டாம். ஒரே குழுவில் இரண்டு நல்ல தந்திரங்கள் ஒன்றையொன்று கெடுக்கும் இடம் அது.

மேசை நாகரிகம் பற்றி ஒரு வார்த்தை. பதிலடி ஆடுகிறவர் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. எந்தச் செயலுக்கு அடிப்பேன் என்பதை ஆட்டத்தின் தொடக்கத்திலேயே டி.எம்.மிடம் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். பகடையைக் கையிலேயே வைத்திருங்கள். டி.எம். அடுத்த பூதத்துக்குப் போன பிறகு "நில்லுங்கள், எனக்கு ரியாக்‌ஷன் இருந்ததே" என்று கையைத் தூக்கினால் எல்லோருடைய சுற்றும் பின்னால் உருள வேண்டியிருக்கும்.

கடைசியாக, இங்கே உட்கார்ந்திருக்கும் டி.எம்.களிடம் ஒரு கோரிக்கை. வீரனின் தாளில் என்ன திறன் இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும், பூதத்துக்குத் தெரியாது. பசித்த ஓநாய் முதலில் கண்ணில் படுகிறவன் மேல் பாயட்டும். காப்ளின்கள் ஒருமுறை குத்து வாங்கிய பிறகு புத்தி கற்கட்டும். முதல் சுற்றிலேயே சென்டினலைச் சுற்றிக்கொண்டு போகும் உரிமையை, அந்த வீரனைப் பற்றி ஏற்கெனவே கேள்விப்பட்ட தளபதிக்கும், நூறு ஆண்டு போர் பார்த்த டிராகனுக்கும் மட்டும் கொடுங்கள். உங்கள் வாள்வீரர் அந்தத் திறனை எடுக்க வேறு ஏதோ ஒன்றை விட்டுக்கொடுத்திருக்கிறார். அடுத்த வாரம் ஆட உட்காரும்போது, முதல் சண்டையில் ஒரு பூதமாவது அவரை நேராக வந்து அடிக்கட்டும்.